கெப்போங் காட்டில் அண்ணாந்து பார்த்தபோது

வாய்மூடி இருந்த பத்தொன்பதாவது நாள், அம்மா என்னைக் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போனார். வானொலி அறிவிப்பாளருக்கு அது எத்தகைய நாள் என்று சொல்லத் தேவையில்லை. குரல் நாண்களில் சிறு முடிச்சுகள். மூன்று வாரம் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, குறையாவிட்டால் அறுவை சிகிச்சைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலை நிகழ்ச்சியை வேறொருவர் நடத்தினார். நன்றாகவே நடத்தினார்; அதுதான் பயமாக இருந்தது.

பேச்சு இல்லாத அதிகாலைகளில்தான் ஃபிராக்டல் ஓவியம் பழக்கமானது. பத்தாண்டு வழக்கம், நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். சாவோஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொண்டு தினமும் ஒரு படம் எடுப்பேன். முறை எளிது. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, தொடங்கிய எண்ணைக் கூட்ட வேண்டும். வந்த விடையை மீண்டும் அப்படியே செய்ய வேண்டும். சில எண்கள் விறுவிறுவென்று வளர்ந்து ஓடிவிடும். எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அதற்கேற்ற நிறம். ஓடாமல் நிற்பவை கறுப்பு. அந்தக் கறுப்பின் ஓரத்தைப் பெரிதாக்கினால் சுருள்கள், அவற்றுக்குள் இன்னும் சுருள்கள், ஆழத்தில் எங்கோ முதலில் பார்த்த அதே கறுப்பு உருவம், சின்னஞ்சிறிதாக. ஃபிராக்டல் என்ற சொல்லை 1975ல் உருவாக்கியவர் பெனுவா மண்டல்பிராட் என்ற கணித அறிஞர். மேகமும் மலையும் மரப்பட்டையும் பள்ளிக்கூட வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் அடங்காதவை என்பது அவர் வாதம்.

“இதுக்கா இவ்வளவு நேரம்? புள்ளி வெச்சா நான் பத்து நிமிஷத்துல போட்டுடுவேன்” என்றார் அம்மா. தவறில்லை. தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலத்தைக் கணினி மொழியின் இலக்கண விதிகளாக எழுதி 1974லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். இதைக் கைப்பேசியில் தட்டிக் காட்டினேன். அம்மா படித்துவிட்டு, “கிளம்பு, காட்டுக்குப் போவோம்” என்றார்.

பழைய ஈய லம்பமும் காய்கறித் தோட்டமுமாக இருந்த இடத்தில் 1920களின் பிற்பகுதியில் மரங்கள் நட்டு வளர்த்த காடு அது. ஆளே நடாத இயற்கைக் காடு என்று பலர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து அரை மணி நேரம். வாகன நெரிசலில் சிக்கினால் கணக்கு வேறு. வழியில் ரொட்டி சானாய் பசியாறினோம். நான் விரலைக் காட்டியே ஆர்டர் கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஊமை என்றே நினைத்து மிகவும் அன்பாக நடந்துகொண்டார்.

கபூர் மரங்கள் நிற்கும் இடத்தில் அம்மா நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வெகு உயரத்தில் ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றின் உச்சியைத் தொடவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரே அகலத்தில் வெளிச்சக் கோடு. கோடுகள் வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, ஆகாயத்தில் ஆறுகள் ஓடுவது போலிருந்தன. ‘உச்சிகளின் கூச்சம்’ என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். காற்றில் கிளைகள் உரசி நுனி ஒடிவதால் இடைவெளி வருகிறது என்பது ஒரு கருத்து. இதே கெப்போங் மரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் இங், உரசிய தடயம் இல்லை, பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து தளிர்கள் தாமே நின்றுவிடுகின்றன என்று 1977ல் எழுதினார்.

“யாரு போட்ட கோலம் இது?” என்றார் அம்மா.

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா பயந்து போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கியதை அப்போதுதான் கவனித்தேன். மூன்று வாரமும் வீட்டில் அவர்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

கீழே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தோம். கற்பூர மரம்தான் இது. சூடத்துக்கு இப்போது வேறு வழிகள் வந்துவிட்டன. முன்பு சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்தில் கற்பூரம் பெரும் சரக்கு. அங்கே தமிழ் வணிகக் குழுவினர் 1088ல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அம்மா இலையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரப் பரிசோதனையில் முடிச்சுகள் சுருங்கியிருந்தன. கத்தி வேண்டாம் என்றார்கள். குரல் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் தடித்துவிட்டது; “சளியா?” என்று நேயர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

காலைப் படம் நிற்கவில்லை. பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு நோட்டு வாங்கி, பிடித்த படங்களின் எண்களை எழுதி வருகிறேன். அந்தக் காட்டை வரைந்து தரச் சொல்லி அம்மா நச்சரிக்கிறார். நான்கே விதிகளை மாற்றி மாற்றிப் போட்டால் திரையில் பெரணிச்செடி முளைத்துவிடுகிறது, அதைச் செய்துவிட்டேன். கிளை பிரிவதையும் வரவழைத்துவிட்டேன். பக்கத்து மரத்துக்கு வழிவிட்டு நிற்கும் அந்த வெளிச்சக் கோடுதான் இன்னும் சரியாக விழவில்லை. “இன்னும் கொஞ்சம் தள்ளி வை” என்கிறார் அம்மா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.