யாயாவின் சிவப்பு முட்டை

பிள்ளைகளே, நான் உங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா. சனிக்கிழமை காலையில் நாற்காலி அடுக்குவதும் இடைவேளைக்குத் தேநீர் போடுவதும்தான் பள்ளியில் என் வேலை. போன தவணையில் ஒரு நாள் உங்கள் ஆசிரியை, "உங்கட அனுபவம் ஒன்றை எழுதித் தாங்கோ. பிள்ளைகள் வாசிக்கட்டும்" என்றார். வாரம் முழுக்க நான் எழுதுவது கணினி நிரல்தான். தமிழில் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல எழுதிப் பல வருஷமாச்சு. தப்பு இருந்தால் டீச்சர் திருத்தட்டும்.

நான் பிறந்ததும் படித்ததும் சிங்கப்பூரில். அங்கே தீபாவளிக்கு நாடு முழுக்க விடுமுறை. அதற்குப் பல நாள் முன்பே சிராங்கூன் ரோட்டில் தெருவுக்குக் குறுக்கே விளக்குத் தோரணங்கள் எரியும். தீபாவளி மட்டும் இல்லை, சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, வெசாக், கிறிஸ்மஸ் எல்லாவற்றுக்கும் லீவு உண்டு. எல்லாப் பண்டிகையும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2010-ஆம் ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சிட்னிக்கு வந்தேன். இங்கே படிக்கும் ஒரு மாணவர் அங்கே போவார், அங்கே படிக்கும் ஒருவர் இங்கே வருவார், அதுதான் பரிமாற்றம். ஒரு வருஷம் இருந்து படித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். மாரிக்வில்லில் ஒரு பழைய வீட்டில் அறை கிடைத்தது. என்னோடு தங்கியிருந்தவன் ஒரு கிரேக்க வீட்டுப் பையன். அவனுடைய பாட்டி அடுத்த தெருவில் இருந்தார். கிரேக்க மொழியில் பாட்டியை 'யாயா' என்று கூப்பிடுவார்கள். பழந்தமிழில் 'யாய்' என்றால் அம்மா. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தப் பாட்டியைப் பிடித்துப் போயிற்று.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று முதல் தடவையாக யாயா வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறார். அதனால் ஹோம்புஷ் கடைக்கு ரயிலில் போய் ஒரு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். யாயா இரண்டு கையாலும் வாங்கினார், சிரித்தார், திறக்காமல் அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் நண்பன் சொன்னான்: "டேய், ஈஸ்டர் முடியுற வரைக்கும் அவங்க பால், முட்டை, கறி எதையும் தொட மாட்டாங்க. நாற்பது நாளுக்கு மேல ஆச்சு."

நோன்பில் இருப்பவருக்கு, அதுவும் பெரிய வெள்ளி அன்று, பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த இனிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! புரட்டாசிச் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு யாராவது கோழிப் பிரியாணி கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? அப்படி. எனக்கு ஈஸ்டர் என்றால் சாக்லேட் முட்டை என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது.

மறுநாள் இரவு என்னையும் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே இடமில்லை, தெரு வரைக்கும் ஆட்கள். எல்லார் கையிலும் ஏற்றாத மெழுகுவர்த்தி. நள்ளிரவு நெருங்கியதும் எல்லா விளக்கையும் அணைத்தார்கள். ஒரே இருட்டு. சின்னப் பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து பாதிரியார் ஒரே ஒரு சுடரோடு வந்தார். முன்னால் நின்றவர் அதில் தன் மெழுகுவர்த்தியை ஏற்றினார். அவரிடமிருந்து பக்கத்தில் இருந்தவர், அவரிடமிருந்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க வெளிச்சம். "கிறிஸ்தோஸ் அநெஸ்தி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று பொருள். "அலிதோஸ் அநெஸ்தி", உண்மையாகவே உயிர்த்தெழுந்தார், என்று பதில் சொல்ல வேண்டும். நான் தப்புத் தப்பாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். காரில்! யாயாவின் மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, நண்பன் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். வீட்டு வாசலில் யாயா அந்தச் சுடரை உயர்த்தி, அதன் புகையால் நிலைப்படிக்கு மேலே ஒரு சிலுவை வரைந்தார். கார்த்திகை அன்று அம்மா வாசலில் அகல் வைக்கும்போது முகத்தில் ஒரு கவனம் இருக்குமே, அதே கவனம்.

பிறகு சாப்பாடு. முதலில் ஒரு சூப் வந்தது. ஆட்டுக் குடலும் ஈரலும் போட்டு, எலுமிச்சை பிழிந்தது. எங்கள் வீட்டுக் குடல் குழம்பின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு கூடை நிறையச் சிவப்புச் சாயம் பூசிய அவித்த முட்டைகள். ஆளுக்கு ஒன்றை எடுத்து, இன்னொருவர் முட்டையோடு முட்டுக்கு முட்டு இடிக்க வேண்டும். கடைசி வரை யார் முட்டை உடையவில்லையோ அவருக்கு அந்த வருஷம் நல்ல காலம். என் முட்டை முதல் இடியிலேயே போயிற்று. அது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் இரவு வேறு. அதனால் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நடுவில் யாயா எழுந்து போய்ப் பால்கோவாப் பெட்டியை எடுத்துவந்தார். முதல் துண்டை அவரே வாயில் போட்டார். "ஓரேயா" என்றார். அருமை என்று அர்த்தம்.

அன்று இரவுதான் அவர் கதையைக் கேட்டேன். 1950-களில் கப்பலில் சிட்னிக்கு வந்தவர். தொழிற்சாலை வேலை. அவர்களுடைய ஈஸ்டர் பல வருஷங்களில் மற்றவர்களின் ஈஸ்டர் அன்று வராது. இரண்டு பக்கமும் ஒரே விதியைத்தான் சொல்கிறார்கள்: வடக்கே வசந்தம் தொடங்கியபின் வரும் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. ஆனால் அவர்கள் கணக்கிடுவது ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில். அதனால் தேதி தள்ளிப் போகும். 2010-இல் இரண்டும் ஏப்ரல் 4 அன்றே வந்தன. (இந்தத் தேதியைக் கண்டுபிடிக்க நான் ஒரு நிரல் எழுதிப் பார்த்திருக்கிறேன். நல்ல தலைவலி.) தேதி தள்ளிப் போகிற வருஷங்களில் அவர்களுடைய பெரிய வெள்ளிக்கு லீவு கிடையாது. யாயா காலையில் தொழிற்சாலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் அதே உடுப்போடு தேவாலயத்துக்குப் போவாராம். முதல் வருஷம் சிவப்புச் சாயம் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் வெங்காயத் தோலைப் போட்டு முட்டையை அவித்தாராம்.

"உங்க பெரிய பண்டிகை எப்போ?" என்று கேட்டார்.

"தீபாவளி. நவம்பர் 5, வெள்ளிக்கிழமை."

சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் எழுதி வைத்தார். கிளம்பும்போது ஒரு சிவப்பு முட்டையை என் கையில் வைத்து, "இதைச் சாப்பிடாதே. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் வீட்டுல வை" என்றார்.

அந்த வருஷம் இன்னும் பலவற்றைப் பார்த்தேன். ஏப்ரல் 25, ஆன்சாக் தினம், விடியுமுன் மார்ட்டின் பிளேஸில் ஆயிரக்கணக்கான பேரோடு நின்றேன். 1915-இல் அதே நாளில் கலிப்பொலியில் இறங்கிய வீரர்களையும், அதற்குப் பின் போர்களில் இறந்தவர்களையும் நினைக்கும் நாள் அது. அதைப் பண்டிகை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு அமைதியாக நின்று அதுவரை நான் பார்த்ததில்லை. ஜூலையில் நெய்டாக் வாரம். பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் பச்சை யூகலிப்டஸ் இலைகளைப் போட்டுப் புகை எழுப்பினார். நாங்கள் ஒவ்வொருவராக அந்தப் புகைக்குள் நடந்தோம். அம்மா வீட்டில் போடும் சாம்பிராணி நினைவுக்கு வந்தது. செப்டம்பர் 10 ஈகைத் திருநாள், லக்கெம்பாவில் தொழுகை தெருவிலும் நடந்தது. அதே மாதம் முழுநிலவு அன்று எங்கள் தெரு வியட்நாமியப் பிள்ளைகள் காகித விளக்கோடு சுற்றினார்கள். அது இலையுதிர்கால விழா. இங்கேயோ அப்போது மரமெல்லாம் துளிர்விடும் காலம்! நாம் நாற்பது டிகிரி வெயிலில் பொங்கல் பொங்குகிறோமே, அது மாதிரி.

நவம்பர் வந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் ஜக்கராண்டா மரங்கள் ஊதாப் பூவாகக் கொட்டின. ஜக்கராண்டா பூத்த பிறகும் படிக்க ஆரம்பிக்காதவன் பாஸாக மாட்டான் என்று இங்கே மாணவர்கள் சொல்வார்கள். நான் ஆரம்பிக்கவில்லை. அதனால் தீபாவளி இந்த வருஷம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். லீவும் இல்லை, தெருவில் விளக்கும் இல்லை. யாருக்குத் தெரியப் போகிறது?

காலை ஏழரைக்கு அம்மா கூப்பிட்டார். சிங்கப்பூரில் அப்போது நாலரை மணி.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியாடா?"

"ம்ம்" என்றேன். பொய்.

போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நல்லெண்ணெய் என்றால் எள் எண்ணெய்தானே? அடுப்படியில் நண்பன் நூடுல்ஸுக்குப் போடும் எள் எண்ணெய் இருந்தது. எடுத்துத் தலை நிறையத் தேய்த்தேன். அது வறுத்த எள்ளில் எடுப்பது, கறுப்பாக இருக்கும், வாசனை ஊரைத் தூக்கும் என்று எனக்குத் தெரியாது. மூன்று தடவை ஷாம்பூ போட்டும் போகவில்லை. நண்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, "காலையிலேயே யாரு ஃபிரைட் ரைஸ் செய்யுறது?" என்றான்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். யாயா! நல்ல உடுப்புப் போட்டு, கையில் ஒரு தட்டு பிஸ்கட்டும் ஒரு பையும் வைத்திருந்தார். உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார்.

"விளக்கு எங்கே?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் திட்டவும் இல்லை. பையைத் திறந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்து வைத்தார். கிரேக்கர்கள் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் ஆலிவ் எண்ணெயில் மிதக்கும் திரியைப் போட்டு விளக்கேற்றுவார்கள். அந்தக் கிண்ணங்கள்தான். எண்ணெய், திரி எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஏழு மணிக்கும் வெயில் போகவில்லை. இருட்டும் வரை காத்திருந்து வாசலில் ஐந்து விளக்கு ஏற்றினோம்.

"யாருக்காக ஏத்துறீங்க?" என்று யாயா கேட்டார்.

நரகாசுரன் கதையைச் சொன்னேன். சாகும்போது அவனே, நான் செத்த நாளில் எல்லாரும் விளக்கேற்றிச் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று வரம் கேட்டதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

யாயா கொஞ்ச நேரம் யோசித்தார். "கெட்டவன் கேட்டான்னு ஏத்துறீங்களா? பரவாயில்லையே, கடைசியில நல்லதைத்தான் கேட்டிருக்கான்." அப்புறம், "தலையில எண்ணெய் எதுக்கு?" என்றார். வாசனை இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

தெரியவில்லை. இருபத்தொரு வருஷம் தேய்த்துக் குளித்திருக்கிறேன், ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் காலையில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "எங்கம்மா எனக்கு வெச்சு விட்டாங்க, நான் உனக்கு வெச்சு விட்டேன். காரணமெல்லாம் யாருடா கேட்டா? அந்தப் பாட்டிகிட்ட போனைக் குடு" என்றார். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். அம்மாவுக்குக் கிரேக்கம் தெரியாது, யாயாவுக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

படிப்பு முடிந்து வேலைக்காக மறுபடி சிட்னிக்கே வந்துவிட்டேன். யாயா இப்போது இல்லை. அவருடைய கண்ணாடிக் கிண்ணங்களில் இரண்டை நண்பன் எனக்குக் கொடுத்தான். தீபாவளிக்கு அவன் குடும்பத்தோடு வென்ட்வொர்த்வில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவான். போன வருஷம் அவன் மகன் என் மகளிடம், "எண்ணெய் எதுக்கு?" என்று கேட்டான். அவள், "எனக்கும் தெரியாது. முதல்ல உக்காரு, பாட்டி வெச்சு விடுவாங்க" என்று அவனைப் பலகையில் உட்கார வைத்தாள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, சரியான நல்லெண்ணெயோடு தயாராக நின்றார்.

இந்த ஈஸ்டருக்கு என் மகள் வெங்காயத் தோல் போட்டு முட்டை அவித்தாள். சிவப்பாக வரவில்லை, செங்கல் நிறத்தில் வந்தது. ஒன்றை எடுத்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வீடியோ அழைப்பில் அதைப் பார்த்த அம்மா, "சாமி மாடத்துல முட்டையா!" என்று போட்ட சத்தம் சிங்கப்பூரிலிருந்தே நேராகக் கேட்டிருக்கும். முட்டை இப்போது ஒரு தட்டு கீழே, போன் சார்ஜர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.