கெண்டி விளக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் காரை இறக்கக் கூடாது. சிங்கப்பூரில் இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவுக்கு வீரமாகாளியம்மன் கோவில், மனைவிக்குத் தேக்காவில் முருங்கைக்கீரை, பையனுக்குத் தலைக்கு மேல் வளைவு வளைவாகக் கட்டிய விளக்குத் தோரணம். ஆளுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள், இறக்கிவிட்டேன். பஃப்ளோ ரோட்டு முனையிலிருந்து கோவில் வாசல் நடந்தால் ஐந்து நிமிஷம். அன்றைக்கு இருபத்தைந்து ஆயிற்று. ஏசி முழு வீச்சில், ஏழு இருக்கையிலும் ஆள், என் கால் பிரேக்கிலேயே.

அப்போதுதான் முன்பலகையில் சிவப்பாக ஒன்று மினுக்கியது. மூக்கு நீண்ட கெண்டி, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. "அப்பா, அலாவுதீன் விளக்கு" என்றான் பையன். ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கினேன், அணைந்தது. விட்டேன், மினுக்கியது. வீடு சேரும்வரை சிக்னலுக்குச் சிக்னல் ஆக்சிலேட்டரைத் தடவிக்கொண்டே போனேன். நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு. ஐந்து வாரம் கழித்து இதை ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு இரண்டு அடி அடித்திருக்கலாம்.

இடையில் இரண்டு பட்டறைகள். முதல் இடத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். மூன்று வாரம் விளக்கு வரவில்லை, பிறகு வந்தது. இரண்டாவது இடத்தில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று புதிதாகப் போட்டு, "கெட்டி ஆயில்" ஊற்றி அனுப்பினார்கள். ஒரு வாரம் தாங்கியது. இரண்டு பேருமே ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்கள் செய்த வேலைக்குப் பிறகு விளக்கு நிஜமாகவே அணைந்திருந்தது. குழப்பமே அதில்தான் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

நண்பர் ஒருவர் காக்கி புக்கிட்டுக்கு அனுப்பினார். மாடி மாடியாகப் பட்டறைகள் அடுக்கிய கட்டடம். காரே சுற்றிச் சுற்றி ஏறி மூன்றாம் மாடிக்குப் போகும். ஒரு கதவில் டயர், அடுத்ததில் பெயின்ட், எதிரே ஏசி. நான் தேடிப்போன ஆளுக்கு அறுபத்தெட்டு வயது. அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, போமன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஃபோர்மேன் என்ற ஆங்கிலச் சொல்லை மலாய்க்காரர்கள் வாயில் போட்டு மென்று மெக்கானிக் என்ற பொருளில் துப்பிய சொல் அது. நம்மவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றிலும் திட்டத் தெரிந்தவர். உதவிக்கு ஜொகூரிலிருந்து தினமும் பைக்கில் பாலம் தாண்டி வரும் ஒரு இளைஞர். காலை ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பினால்தான் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நெரிசலில் சிக்காமல் எட்டு மணிக்குக் கதவு திறக்க முடியுமாம்.

போமன் பானட்டைத் திறக்கவில்லை. முதலில் கேட்டது: "சிஓஇ இன்னும் எவ்வளவு இருக்கு?"

மற்ற ஊர்களில் மெக்கானிக் இதைக் கேட்கமாட்டார். இங்கே 1990ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒரு சீட்டு, அதுதான் சிஓஇ. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சீட்டு 1,50,001 வெள்ளிக்குப் போனது. காருக்கு அல்ல, சீட்டுக்கு மட்டும். அதனால் இந்த ஊரில் எஞ்சினின் ஆயுளைச் சீட்டின் ஆயுள் தீர்மானிக்கிறது. ஆறு மாதம்தான் பாக்கி என்றால் யாரும் எஞ்சினைப் பிரிக்கமாட்டார்கள், கெட்டி ஆயிலை ஊற்றி ஓட்டி முடித்துவிட்டு ஒப்படைத்துவிடுவார்கள். என் கார் 2008இல் பதிவானது, 2018இல் இன்னொரு பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன். பத்து வயது தாண்டிய காருக்கு வருஷாவருஷம் பரிசோதனை வேறு. சொன்னேன். "அப்ப பாக்கலாம்" என்றார்.

அடுத்துக் கேள்விகள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வருதா, சூடு ஏறினப்புறமா? வளைவுல வருதா, பிரேக் போடும்போதா? வேகமா போறப்ப எப்பவாவது? எனக்கு அவை நேரம் போக்கும் கேள்விகளாகத் தெரிந்தன. இளைஞர்தான் பக்கத்தில் நின்று மெதுவாக விளக்கினார். வளைவில் மட்டும் எரிந்தால் ஆயில் அளவு குறைந்திருக்கிறது, ஒரு பக்கம் சாயும்போது உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கிறது. காலையில் சில நொடி எரிந்து அணைந்தால் ஃபில்டரில் நிற்கவேண்டிய ஆயில் இரவில் கீழே வடிந்துவிடுகிறது. சூட்டில், ஐட்லிங்கில் எரிந்தால் பேரிங் தேய்மானம், அல்லது பம்ப், அல்லது வேறு ஏதாவது. விளக்கு ஒன்றுதான், எரிகிற நேரத்தை வைத்து நோய் மாறும்.

கடைசியாகக் கேட்டதுதான் முக்கியம் என்று பிறகு தெரிந்தது. "எரியும்போது எஞ்சினை அணைச்சு, ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டுப் போட்டா என்ன ஆகுது?"

யோசித்தேன். ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் அப்படி ஆகியிருக்கிறது. திரும்பப் போட்டபோது விளக்கே இல்லை. எஞ்சின் அதே சூட்டில்தான் இருந்தது.

போமன் ஒன்றும் சொல்லவில்லை. "கேஜ் எடு" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நானே பதினாறு வருஷம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கெண்டி, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. அளவுக்குக் குச்சி இருக்கிறது. கெண்டி சொல்வது அழுத்தத்தை, அதையும் முழுதாகச் சொல்லாது. எஞ்சின் உடம்பில் திருகிய ஒரு சிறு ஸ்விட்ச். அழுத்தம் பொதுவாக 0.3, 0.5 பாருக்குக் கீழே விழுந்தால் ஒயரைத் தரையோடு சேர்க்கும், விளக்கு எரியும். மேலே இருந்தால் பிரிக்கும். நடுவில் அதற்குப் பேச்சு கிடையாது. நான்கு பாரில் இருந்த அழுத்தம் ஒன்றுக்கு இறங்கினாலும் வாய் திறக்காது. அது அலறும்போது வெள்ளம் கழுத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அதனால்தான் சிவப்பு. எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைக்கவேண்டுமே தவிர, ஆக்சிலேட்டரைத் தடவக் கூடாது.

இளைஞர் முதலில் ஸ்விட்ச்சின் ஒயரைப் பிடுங்கினார், விளக்கு அணைந்தது. ஒயர் முனையை எஞ்சினில் தொட்டார், எரிந்தது. ஒயரில் கோளாறில்லை. பிறகு ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் குழாய் பூட்டி முள் வைத்த கேஜ் ஒன்றை மாட்டினார். கண்ணாடி கீறல் விழுந்து, ரப்பர் வெடித்து, ஜாலான் புசார் காலத்துச் சாமான் மாதிரி இருந்தது. நிஜமாகவே அந்தக் காலத்துச் சாமான்தான். 1972இல், பதினைந்து வயதில், ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில் போமன் ஸ்பேனர் கழுவும் பையனாகச் சேர்ந்திருக்கிறார். கேஜ் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. அந்தச் சந்தை 2017 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது, கேஜ் இருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் முள் 3.5க்கு ஏறி நின்றது. போமன் கோப்பி வாங்கிவரச் சொன்னார். எஞ்சின் சூடாகி ரேடியேட்டர் காற்றாடி இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை அவர் எந்த எண்ணையும் நம்புவதில்லை. 1896இல் இந்த ஊருக்கு முதல் மோட்டார் கார் வந்தபோது அது போட்ட சத்தத்தில் ஜனங்கள் அதைக் கோப்பி இயந்திரம் என்று கூப்பிட்டார்களாம். அதைச் சொன்னேன். "இப்ப உன் வண்டி போடுற சத்தத்துக்கு கிச்சாப் மெஷின்னு கூப்பிடலாம்" என்றார். கிச்சாப் என்றால் சோயா சாஸ். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் அப்போது.

சூடு ஏறியபின் ஐட்லிங்கில் 0.7. இந்த எஞ்சினின் கையேட்டுப்படி 0.3க்கு மேல் இருந்தால் போதும், தேர்ச்சி. எனக்கு உள்ளுக்குள் ஒரு ஏமாற்றம். போமன் 3000 சுற்றில் பிடிக்கச் சொன்னார். அங்கே குறைந்தது 3 பார் வேண்டும். வந்தது. அரை நிமிஷம் அப்படியே பிடித்தார்கள். முள் 3ஐ விட்டு இறங்கத் தொடங்கியது. 2.2, 1.8, பிறகு இறங்குவதை விட்டுவிட்டு நடுங்கியது. பனியில் நிற்கும் கிழவன் கைபோல நடுங்கியது. காலை எடுத்ததும் 0.2. ஸ்விட்ச் மாட்டியிருந்தால் சிவப்பு எரிந்திருக்கும்.

"தேய்மானம்னா முள் கம்மியா நிக்கும், ஆனா ஆடாம நிக்கும். இது ஆடுது. இதுக்குக் குடிக்கக் கிடைக்கல" என்றார் போமன்.

பம்ப் செய்வது ஆயிலை ஓடவைப்பது மட்டும். அந்த ஓட்டத்துக்கு எஞ்சினுக்குள் கிடைக்கிற இடுக்கு தடையாக நிற்கிறது, அந்தத் தடையில் பிறப்பதுதான் அழுத்தம். கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் இடையில் தலைமுடிப் பருமனில் பாதி இடைவெளி. அதில் ஆயில் புகுந்து கிராங்க்கைத் தூக்கி வைத்துக்கொள்கிறது, இரும்பு இரும்பைத் தொடாமல் சுற்றுகிறது. இடைவெளி தேய்ந்து அகன்றால் ஆயில் வழிந்து அழுத்தம் விழும், கெட்டி ஆயில் ஊற்றினால் கொஞ்ச நாள் மறைக்கலாம். ஆனால் பம்ப் உறிஞ்சும் வாயிலேயே அடைப்பு என்றால்? "குழாய்ல அடைப்புன்னு வந்தவனுக்குத் தண்ணிக்குப் பதிலா கூழை ஊத்தி அனுப்பியிருக்காங்க."

சந்தேகத்தை இன்னொரு பக்கமிருந்தும் உரசிப் பார்த்தார். ஐந்து வாரம்கூட ஆகாத ஃபில்டரைக் கழற்றித் தகர உடம்பை வெட்டினார்கள். உள்ளே விசிறி மடிப்பாக இருந்த காகிதத்தை நீட்டி வெயிலில் பிடித்தார்கள். செம்பு நிறமோ வெள்ளி நிறமோ பொடி மின்னினால் பேரிங் கரைகிறது என்று அர்த்தம். மின்னவில்லை. ஒரு மடிப்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் நூல் துண்டு போல ஒன்று. போமன் அதை நகக்கண்ணால் எடுத்து இழுத்தார். ரப்பராக நீண்டது. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "சம்ப் எப்பக் கழட்டினே?"

நான்கு வருஷம் முன்பு. அடியில் கசிகிறது என்று ஏதோ ஒரு பட்டறையில் சம்ப்பை, அதாவது எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியை, இறக்கி ஒட்டிக்கொடுத்தார்கள். நான் மறந்தே போயிருந்தேன்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வடித்த கறுப்பு ஆயில் பீப்பாய்க்குப் போனது. உரிமம் பெற்ற ஆள் வந்துதான் அதை எடுத்துப்போக வேண்டும், சாக்கடையில் ஊற்றினால் கதை முடிந்தது. சின்னச் சின்ன போல்ட்டுகள் ஒரு வட்டமாகக் கழன்றன. இளைஞர் மெல்லிய தகட்டுக் கத்தியை விளிம்பில் செருகித் தட்டித் தட்டி சம்ப்பை இறக்கினார். உறிஞ்சு குழாயின் வாயில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வலைச் சல்லடை. அதன் முக்கால் பாகத்தில் அல்வா மாதிரி கறுப்புச் சகதி, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சிலிக்கோன் இழைகள். சம்ப்பை ஒட்டியவர் பசையைத் தாராளமாகப் பிழிந்திருக்கிறார். வெளிப்பக்கம் பிதுங்கியதைத் துடைத்தார், உட்பக்கம் பிதுங்கியதை யார் பார்த்தார்கள்? நான்கு வருஷம் சூட்டில் வெந்து, கழன்று, சல்லடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சகதிக்குக் காரணம் நான்தான். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர், ஈரச்சந்தை ஒன்றரை. எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிற ஓட்டம்.

விளக்கு போய்ப் போய் வந்த மர்மம் அந்தச் சல்லடையில் தெளிந்தது. எஞ்சின் ஓடும்போது பம்ப்பின் இழுப்பில் குப்பை வலையில் அப்பிக்கொள்ளும். அணைத்தால் இழுப்பு நின்று குப்பை உதிர்ந்து கீழே படியும். அடுத்த தடவை கொஞ்ச நேரம் எல்லாம் சரி. முதல் பட்டறையில் ஆயில் வடித்தபோது கொஞ்சம் குப்பையும் வெளியே போயிருக்கும். இரண்டாவதில் ஸ்விட்ச் வரும்வரை கார் ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்றது. மாற்றிய சாமான் செய்த வேலை இல்லை அது.

சல்லடையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல்தேய்க்கும் பிரஷால் கழுவினார்கள். சம்ப் விளிம்பைச் சுரண்டித் துடைக்கவே ஒரு மணி நேரம். புதுப் பசையை இளைஞர் கையிலிருந்து வாங்கி போமனே இழுத்தார், ஒரே மூச்சில், கோலக்கோடு மாதிரி, போல்ட் ஓட்டைகளுக்கு உள்புறமாக மூன்று மில்லிமீட்டர் கனம். இளைஞர் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கற்றுக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு இருக்கிறது. 2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். மின்காருக்கு எஞ்சின் ஆயிலே கிடையாது, அப்புறம் கெண்டி எங்கே? "ஜேபியில இன்னும் இருபது வருஷம் இந்த வண்டிதான் ஓடும் அண்ணே" என்றார் என்னிடம். ஜேபி என்பது ஜொகூர் பாரு. போமன் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னார்.

பசை காய்ந்தபின், மறுநாள் மாலை, பழையபடி இலேசான ஆயில், புது ஃபில்டர், அதே கீறல் விழுந்த கேஜ். மறுபடி கோப்பி, மறுபடி காற்றாடி இரண்டு சுற்று. ஐட்லிங்கில் 1.1. 3000 சுற்றில் 3.9. இரண்டு நிமிஷம் பிடித்தும் முள் அசையவில்லை. பத்துமலைக்குப் போகலாமா என்று கேட்டேன். "பினாங்குக்கே போ" என்றார்.

பில் எழுதுவதற்கு முன் மஞ்சள் டேப் ஒரு துண்டு கிழித்து, மார்க்கர் பேனாவால் தேதி, ஓடிய கிலோமீட்டர், சூட்டில் 1.1, மூவாயிரத்தில் 3.9 என்று எழுதி, பானட்டின் உட்புறம் ஒட்டி விரலால் அழுத்தினார். நான்தான் திரும்ப இங்கேயே வருவேனே, எதற்கு என்றேன்.

"அடுத்துத் திறக்கிறவனுக்குத் தம்பி. அவன் உன்னைக் கேட்டா, நீ சம்ப் கதையையே மறந்த ஆளு."