களி இறங்காத நாள்

உணவுக்குழாய்க்கு அரபு மொழியில் 'மரீ' என்று பெயர். திருமறையின் அன்னிஸா அத்தியாயத்து 4ஆம் வசனத்தில், மனைவி மனமுவந்து விட்டுக்கொடுக்கும் மஹர்ப் பொருளைக் கணவன் இனிதே உண்ணலாம் என்று கூறுமிடத்தில் வரும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததாகும். தடையின்றி இறங்கி உடலுக்கு இதமளிப்பதையே அவ்வேர் குறிக்கும். அவ்வாறு இனிதாக இறங்கும் வரையில் இப்படியோர் உறுப்பு தன்னுள் இருப்பதை மனிதன் நினைப்பதேயில்லை.

எமது மத்தூர்ப் பகுதியில் கேழ்வரகுக் களிதான் பரம்பரை உணவு. களியை மெல்லலாகாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கவேண்டும். ஆகவே, உணவுக்குழாயில் புற்று தோன்றினால் இங்கே அதனை முதலில் அறிவிப்பது களியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறிவிப்பை யார் செவிமடுக்கிறார்கள்?

எம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், களி நெஞ்சில் நிற்கிறது என்று ஒருநாள் வீட்டில் கூறினார். வாயுத் தொல்லை என்றார்கள். சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். களி நின்று சோறு வந்தது. சோறும் நெஞ்சை அடைக்கவே, மனைவியார் அதனை ரசத்தில் குழையப் பிசைந்து கொடுத்தார். பின்னர் ரமலான் பிறந்தது. பள்ளிவாசலில் அனைவரும் நோன்புக் கஞ்சியைக் குடித்தே நோன்பு திறந்தமையால், அவர் கஞ்சியன்றி வேறெதுவும் உண்ணாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பெருநாளன்று பிரியாணியைத் தொடாமல் எழுந்தபோதுதான் மகனுக்கு ஐயம் பிறந்தது. அதற்குள் சட்டை தோளில் தொங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த ரமலானைக் காண அவர் இல்லை. வீட்டாரின் அன்பே நோய்க்குத் திரையாக அமைந்ததை எண்ணும்போது இன்றும் எமக்கு மனம் ஆறுவதில்லை.

இந்நோய் இங்ஙனம் ஒளிந்திருப்பதற்குக் காரணம் உறுப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. மூச்சுக்குழலுக்குப் பின்னே சுமார் 25 செ.மீ. நீளத்தில் இறங்கும் இக்குழாய் நெகிழும் தன்மையுடையது. உள்ளே கட்டி வளர வளர அது விரிந்து கொடுக்கும். உட்புழையில் பாதிக்கு மேல் அடைபட்ட பிறகே திட உணவு தடைப்படத் தொடங்கும்; அடுத்து மென்மையான உணவு, இறுதியில் தண்ணீரும். குடலைப் போர்த்தியிருக்கும் வெளியுறை போன்ற ஒன்று இதன் பெரும்பகுதிக்கு இல்லையாதலால், புற்று அண்டைப் பகுதிகளுக்கு எளிதிற் பரவுகிறது. உலகில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5 இலட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்நோய் கண்டது. அவ்வாண்டில் இதனால் இறந்தோர் 4 இலட்சத்து 45 ஆயிரம் பேர். இவ்விரு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பது, நோயைப் பிந்திக் கண்டறிவதன் விளைவன்றி வேறென்ன?

முன்னோர் இதனை அறியாதிருக்கவில்லை. 1162இல் மறைந்த அந்தலூஸிய மருத்துவ மேதை இப்னு ஸுஹ்ர், தமது 'தைஸீர்' நூலில் உணவுக்குழாயின் நோய்களை விவரித்திருக்கிறார். விழுங்க இயலாதவர்க்கு வெள்ளியாலோ ஈயத்தாலோ ஆன குழாயை உள்ளே செலுத்தி உணவூட்டும் முறையும் அவர் கூறியதே. முற்றிய நோயாளிக்கு அடைப்பினூடே உலோக வலைக்குழாய் பொருத்தி நீராகாரம் இறங்க வழி செய்யும் இன்றைய மருத்துவர்களைக் காணுந்தோறும் அப்பெரியார் எம் நினைவில் வருகிறார்.

காரணங்களில் புகையிலைக்கும் மதுவுக்கும் முதலிடம். மதுவைத் தீண்டாத நம்மவர் 'நமக்கேது இந்நோய்' என்று கூறிக்கொண்டே வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதுதான் விந்தை! புகையிலை சேராத பாக்கு வெற்றிலையும் வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றை விளைவிக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதி செய்திருக்கிறது. பொட்டலப் புகையிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழகத்தில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருந்தும், எல்லை தாண்டி ஓசூர் வழியே அது வந்துகொண்டுதான் இருக்கிறது. மிகச் சூடான பானமும் ஐயத்திற்குரியதே. மலர்த்தோட்டம் எனப் பொருள்படும் குலிஸ்தான் என்னும் ஈரானிய மாகாணத்தில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் அருந்துவோரிடையே நடந்த ஆய்வுகள் இதனை எடுத்துக்காட்டின. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் புற்றை உண்டாக்கக்கூடும் என்று 2016இல் மேற்படி முகமை அறிவித்தது. தேநீரன்று, அதன் சூடே குற்றவாளி.

எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே செலுத்திப் பார்த்து, துணுக்கெடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். காலத்தே கண்டால் மருந்து, கதிர்வீச்சு, அறுவை என வழிகள் உள. புற்றுள்ள பகுதியை நீக்கி, இரைப்பையையே குழாய்போல் மேலிழுத்து இணைத்துவிடுகிறார்கள். சென்னை அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் இயங்குகிறது. எம் பகுதியினர் பலர் நாடுவது, 1973இல் பெங்களூருவில் தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவு நிலையத்தை. நாட்டின் உணவு அமைச்சராக இருக்கும்போதே 1954இல் காலமான விடுதலை வீரர் ரஃபி அஹ்மத் கித்வாயின் பெயர் தாங்கியது அது.

தொண்டை அடைப்புக்கு ஓதிய தண்ணீர் கேட்டு இன்றும் சிலர் எம்மிடம் வருவதுண்டு. களி இறங்குகிறதா, சென்ற மாதம் இறங்கியதா என்று கேட்கிறோம். இல்லையென்றால், ஓதிக் கொடுத்துவிட்டு, கிருஷ்ணகிரி சென்று பெங்களூருப் பேருந்தைப் பிடிக்குமாறு சொல்லி அனுப்புகிறோம். துணைக்கு ஆளில்லாதவரோடு எம் மாணவர் ஒருவரும் செல்கிறார்.