கடைக்கு மேலே ஒரு குடித்தனம்

அயர்லாந்து தேசத்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி ஜில்லாவில், ஃபீல் நதிக்கரையில் இருக்கிறது லிஸ்டோவல் என்னும் சிற்றூர். ஊர் நடுவில் பெரிய சதுக்கம். அதன் மத்தியில் பழைய தேவாலயம் ஒன்று. இப்போது அங்கே பிரார்த்தனை நடப்பதில்லை, நாடகம் நடக்கிறது!

அது கிடக்கட்டும். நாம் பார்க்க வந்தது கடைத்தெருவை. ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் மாடி வீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம். கடையின் முகப்பு முழுவதும் மரம். இரு பக்கமும் தட்டைத் தூண்கள், அவற்றின் தலையில் செதுக்கு வேலை செய்த தாங்கிகள், நடுவே நீளப் பலகை. பலகையில் சரக்கின் பெயரைவிடக் குடும்பத்தின் பெயர்தான் பெரிதாக, கையால் எழுதியிருக்கும். யார் கடை என்று தெரிந்தால் போதும், என்ன விற்கிறது என்று ஊருக்குத் தெரியாதா, என்ன?

பல கடைகளில் முன்புறம் மளிகை, பின்புறம் மதுபானம். தேயிலையும் சர்க்கரையும் வாங்க வந்த பெண்மணிகளில் சிலருக்கு இரண்டாவதிலும் நாட்டம் உண்டு. ஆனால் ஊர்க் கண்ணில் படக்கூடாதே! அதற்காகவே 'ஸ்னக்' என்று ஒரு சின்னத் தடுப்பறை கட்டினார்கள். சிறு ஜன்னல் வழியே தம்ளர் உள்ளே வரும். மானம் வெளியே போகாது.

லிஸ்டோவலுக்கென்று தனிப் பெருமை ஒன்று உண்டு. பாட் மக்காலிஃப் (1846–1921) என்ற கொத்தனார் இந்த ஊர்க்காரர். சுவருக்குப் பூச வேண்டிய சாந்தில் சிற்பம் செய்தார் மனிதர்! ஒரு கட்டடத்தின் நெற்றியில் சிங்கமும் யாழும். இன்னொன்றில் அயர்லாந்து அன்னை. பக்கத்தில் யாழ், வேட்டை நாய், வட்டக் கோபுரம். அந்நிய ஆட்சி நடந்த காலத்தில், 1912-ஐ ஒட்டி, நடுத்தெருவில் இதைச் செய்துவைக்க நெஞ்சுரம் வேண்டும். 1905-இல் வண்டியின் பெயர்ப் பலகையை ஐரிஷ் எழுத்தில் எழுதியதற்காக ஒருவருக்கு அபராதம் விதித்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன். அவருக்காக வாதாடித் தோற்ற வக்கீல் பாட்ரிக் பியர்ஸ். 1916 புரட்சியின் தலைவரும் அவரே.

இதே ஊரில் 1955-இல் ஒரு மதுக்கடையை வாங்கினார் ஜான் பி. கீன். இரவில் கடையைச் சாத்திய பிறகு உட்கார்ந்து நாடகம் எழுதுவார். 1965-இல் அரங்கேறிய 'தி ஃபீல்ட்' அவர் எழுதியதுதான்.

அயர்லாந்தின் சிற்றூர்களில் இப்போது பெரிய கவலை மாடிகளைப் பற்றியது. இந்த வீடுகளுக்கு இரண்டு வாசல்கள்: ஒன்று வாடிக்கைக்காரருக்கு, மற்றொன்று மாடிப்படிக்கு. கண்ணாடி ஜன்னலை அகலமாக்கும் ஆசையில் பல சொந்தக்காரர்கள் இரண்டாவது வாசலை எடுத்துவிட்டார்கள். கடைக்குள் நுழையாமல் மாடி ஏற முடியாது என்றால் யார் குடி வருவார்கள்? குடும்பங்கள் ஊருக்கு வெளியே புது வீடுகளுக்குப் போய்விட்டன. காலியாகக் கிடக்கும் வீடுகளைப் புதுப்பிக்க 2022-இல் அரசாங்கம் மானியத் திட்டம் தொடங்கியது. 2023-இல் அதை 50,000 யூரோ வரை உயர்த்தியது. பணம் வாங்கிப் பழுது பார்க்கிறவர் முதலில் செய்யவேண்டிய வேலை பல இடங்களில் ஒன்றுதான்: அந்தப் பழைய வாசலை மறுபடி திறப்பது.