அரையாண்டுச் செய்தியும் அடுத்துள்ள பணிகளும்

 

ஆண்டு மலரில் தலைமையாசிரியருக்கென ஒதுக்கப்படும் பக்கத்தில் நடந்தேறிய நிகழ்ச்சிகளும் வென்ற கிண்ணங்களும் இடம்பெறுவது வழக்கம். அவ்வழக்கத்தை நாமும் விட்டுவிடவில்லை. இவ்வாண்டின் முதற்பாதி நன்முறையிலேயே கடந்தது. மழைநீர் தேங்கிக் கிடந்த திடலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டுப்பணி செய்து மேடாக்கித் தந்தனர். மே 16ஆம் நாள் ஆசிரியர் தினத்தை மாணவர்களே முன்னின்று நடத்தினர். 1956ஆம் ஆண்டு அதே நாளில்தான் ரசாக் கல்வி அறிக்கையை அன்றைய கூட்டரசு சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதையும், அதன் நினைவாகவே மலேசியாவில் அந்நாள் ஆசிரியர் தினமாயிற்று என்பதையும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தயங்காமல் எடுத்துரைத்தபோது, வந்திருந்த பெற்றோர் கைதட்டி மகிழ்ந்தனர்.

எனினும், இவ்வாண்டு இப்பக்கத்தின் பெரும்பகுதியை, இப்போது நம் பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்கு ஒதுக்க விழைகிறோம். கடந்த ஆண்டு ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு நம் வாயிலைக் கடந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றார்களே, அந்த 11 பேரைப் பற்றியே சொல்கிறோம். அவர்களுள் எழுவர் நேரே முதலாம் படிவத்திற்கும், நால்வர் புகுமுக வகுப்பிற்கும் சென்றனர்.

புகுமுக வகுப்பு என்பது யாது? தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ பயின்று, மலாய் மொழியில் போதிய அடைவு பெறாத மாணவர்கள், இடைநிலைப்பள்ளிப் பாடங்களை அம்மொழியிலேயே கற்கத் தங்களை ஆயத்தம் செய்துகொள்ளும் ஓராண்டு வகுப்பு அது. அவ்வளவே. முன்பு 1988 முதல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்துவந்தது; யார் எங்கே செல்வது என்பதற்கு அத்தேர்வின் மலாய் மொழிப் புள்ளியே அளவுகோலாக நின்றது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலையே அளவுகோல். அளவுகோல் மாறினாலும் வகுப்பு மாறவில்லை. அதைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் எண்ணமும் மாறவில்லை.

நாமும் அவ்வகுப்பில் அமர்ந்து வந்தவர்களே. 1983ஆம் ஆண்டு, ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியொன்றிலிருந்து நாமும் நம் நண்பனும் ஒரே நாளில் பட்டணத்துப் பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்பதை மலாய் மொழியில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், ஓய்வுமணி அடிக்கும்வரை தாகத்தோடு இருந்த நாள்கள் உண்டு. கணக்கில் நம் நண்பன் நம்மினும் கெட்டிக்காரன். ஆண்டின் நடுவே விடுமுறை வந்தது. விடுமுறையில் தந்தையோடு வெட்டுக்காட்டிற்குப் போய் மங்கு துடைத்தான். பள்ளி திறந்தபின்பும் அங்கேயே தங்கிவிட்டான். பெரிய சண்டையோ வறுமைக் கூக்குரலோ எதுவுமில்லை. ஒரு திங்கட்கிழமை வரவில்லை. மறு திங்கட்கிழமையும் வரவில்லை. தொடக்கப்பள்ளி அவன் பெயரைப் பதிவேட்டில் முடித்துவிட்டது. புதிய பள்ளியோ அவன் பெயரைச் சரியாக உச்சரிக்கவே இன்னும் பழகவில்லை. இரண்டு பதிவேடுகளுக்கு இடையே அவன் நழுவிப் போனான். பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, பாடம் நடத்தும் முறைகளைப் பலவாறாகக் கற்றோம். வராத பிள்ளையைத் தேடிச் செல்லும் முறையை நமக்குக் கற்பித்தவன் அந்த நண்பனே.

இதனை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டப் பள்ளிகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பெரியவர்கள் அறிவர். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே அத்தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. லயத்துக் கோடியில் ஓர் அறை, ஒரே ஆசிரியர், அவரே சில இடங்களில் கிராணியாகவும் இருந்தார் என்ற நிலையில் தொடங்கியவை பல. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 500க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பின்னர் வீடமைப்புப் பகுதிகளாயின. கிள்ளான் பள்ளத்தாக்கில் இம்மாற்றத்தைக் கண்ணாரக் காணலாம். சீபீல்டு தோட்டத்தின் பெயர் இன்று சுபாங் ஜெயாவிலும், மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயர் ஷா ஆலமிலும், எப்பிங்காம் தோட்டத்தின் பெயர் பண்டார் உத்தாமாவிலும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் நின்று நிலவுகின்றன. மரங்கள் போயின, லயங்கள் போயின, பள்ளி மட்டும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

லயங்கள் இருந்த காலத்தில் துன்பங்கள் மிகுதி. அதனை மறைத்துப் பேசுதல் தகாது. ஆயினும் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகவில்லையென்றால், ஆயாக்கொட்டகை முதல் பிரட்டுக்களம் வரை அனைவருக்கும் அது தெரிந்திருக்கும். இன்றோ நம் மாணவர்களுள் ஒரு பகுதியினர் தோட்டத்தில் இருக்கின்றனர். மற்றவர்கள் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் சிதறி வாழ்கின்றனர். தந்தை விடியுமுன் கிள்ளான் துறைமுகத்திற்கு லாரி ஓட்டச் செல்கிறார். தாய் தொழிற்சாலை இரவுப்பணி முடிந்து காலையில்தான் திரும்புகிறார். இடையில் பள்ளிக்குப் புறப்பட வேண்டிய பிள்ளை புறப்பட்டதா, இல்லையா என்பதைப் பக்கத்து வீட்டாரும் அறியார். நழுவுதல் முன்னைவிட இன்று எளிது; கண்டுபிடித்தல் முன்னைவிட அரிது.

ஆகவே, இவ்வாண்டு நடுவிடுமுறையில் நாமும் ஆசிரியர் இருவரும் அந்த 11 பிள்ளைகளின் இல்லங்களுக்கும் சென்று வந்தோம். மகிழ்ச்சிக்குரிய செய்திகளே மிகுதி. ஒரு மாணவி செம்பிறைச் சங்கச் சீருடையில் நின்று நமக்கு முதலுதவிக் கட்டுப் போட்டுக் காட்டினாள். புகுமுக வகுப்பிலிருக்கும் ஒருவன், தான் படித்துக்கொண்டிருந்த மலாய்க் கதைப்புத்தகத்தைக் கொண்டுவந்து இரண்டு பக்கம் தடையின்றி வாசித்தான். ஆனால், மற்றொரு வீட்டில் மகன் மூன்று வாரங்களாகப் பள்ளிக்கே போகவில்லை. தாயார் தலைகுனிந்தபடி, “பெயிலாயிட்ட பிள்ளைதானே சார், பஸ் காசைப் போட்டு எதுக்கு அனுப்பணும்னு அவங்கப்பா கேக்கறாரு” என்றார்.

அன்பர்களே, அந்த ஒரு சொல்தான் நம்மை இப்பக்கத்தை எழுத வைத்தது. புகுமுக வகுப்புக்குச் சென்ற பிள்ளை தோற்ற பிள்ளை அன்று. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டியவனை நீந்தத் தெரியாதவன் என்று எவரும் இகழ்வதில்லை. அத்தாயாரிடமும், மாலையில் வீடு திரும்பிய தந்தையாரிடமும் இதனையே சொன்னோம். உண்மையில், பையனைத் தடுத்தது மொழி மட்டுமன்று. பள்ளிப் பேருந்து அவர்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. மூன்றாம் படிவத்தில் பயிலும் நம் பழைய மாணவன் ஒருவன், பேருந்து நிற்கும் சாலைவரை அவனை அழைத்துச் செல்வதாக ஏற்றுக்கொண்டான். இதனை எழுதும் நாள்வரை இருவரும் சேர்ந்தே போய்வருகின்றனர். ஆண்டிறுதிவரை போவானா என்று கேட்டால், உறுதி கூற இயலாது. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நம் கடமை.

2003 முதல் தொடக்கக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை 2025இல் மக்களவை ஏற்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளையை எழுப்பிவிடச் சட்டம் வராது. நாம்தான் எழுப்ப வேண்டும். அந்த எண்ணத்தோடுதான் இரண்டாம் பாதியின் பணிகளை வகுத்துள்ளோம்.

முதலாவதாக, ஜூலை முதல் சனிக்கிழமை காலைகளில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு மலாய் வாசிப்பு வகுப்பு நடைபெறும். இடைநிலைப்பள்ளியில் பயிலும் நம் பழைய மாணவர்களே துணையாசிரியர்களாக அமர்வர். கற்றுக்கொடுப்பவர் அண்ணனாகவோ அக்காளாகவோ இருந்தால், தவறாகப் பேச அஞ்சும் பிள்ளையும் வாய்திறக்கும் என்பது நாம் கண்ட உண்மை.

இரண்டாவதாக, ஆகஸ்டு மாதத்தில் விளையாட்டுப் போட்டியும் சுதந்திர தினக் கொண்டாட்டமும் நடைபெறும். பெற்றோர் கயிறிழுக்கும் போட்டியில் தோட்டத்து அணிக்கும் தாமான் அணிக்கும் சென்ற ஆண்டு முடிவாகாத வழக்கு இவ்வாண்டு தீர்க்கப்படும்!

மூன்றாவதாக, செப்டம்பரில் ஆறாம் ஆண்டு மாணவரைக் கிள்ளானிலிருந்து இரயிலேற்றிக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்கிறோம். இவ்விரயில் தடத்தின் தொடக்கம், 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே போடப்பட்ட பாதை. பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, ஒரு காலத்தில் அங்கிருந்த செங்கற்சூளைகளால் அவ்வூர் அப்பெயர் பெற்றதையும், துன் சம்பந்தன் சாலைக்கு உரியவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்களை வாங்கச் செய்ததையும் அவர்கள் அறிந்துகொள்வர். அருகிலுள்ள தேசிய அரும்பொருளகத்தில் வழிகாட்டியிடம் ஒவ்வொரு மாணவரும் மலாய் மொழியில் ஒரு கேள்வியாவது கேட்டு வரவேண்டும். பயணச்சீட்டையும் அவரவரே வாங்க வேண்டும். பட்டணத்தைக் கண்டு மருளாத பிள்ளை, பட்டணத்துப் பள்ளியைக் கண்டும் மருளாது.

நான்காவதாக, தீபாவளிக்கு முன்னர் ஆறாம் ஆண்டுப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். தமிழ்ப்பள்ளியோடு தமிழ் முடிந்துவிடுவதில்லை. இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் எழுத்துமூலம் கேட்டால், தமிழ்மொழி வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. எஸ்.பி.எம். தேர்விலும் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பாடங்களாக உள்ளன. நம் பள்ளியிலிருந்து மட்டும் 15 பேர் தேறமாட்டார்கள். ஆதலின் அண்டைப் பள்ளிகளின் பெற்றோரையும் இக்கூட்டத்திற்கு அழைத்துள்ளோம். கடிதப் படிவங்களை நாம் ஆயத்தம் செய்து வைத்திருப்போம். கையொப்பமிடப் பேனாவோடு வாருங்கள். கைரேகை வைப்பவர்களும் தயங்காது வாருங்கள்.

மாணவச் செல்வங்களே! அடுத்த ஆண்டு உங்களுள் சிலர் முதலாம் படிவத்திற்கும் சிலர் புகுமுக வகுப்பிற்கும் செல்வீர்கள். எதற்குச் சென்றாலும் உங்கள் பெயர் நம் பள்ளியில் தொடர்ந்து இருக்கும். அதற்கென்றே ஒரு புதிய பதிவேடு வாங்கி, அந்த 11 பெயர்களை முதற்பக்கத்தில் எழுதியுள்ளோம். மாதம் ஒருமுறை அதனைத் திறந்து, யார் போகிறார், யார் போகவில்லை என்று விசாரிப்போம். பெற்றோர்களே, தோட்டத்து அன்பர்களே! பள்ளி நேரத்தில் கடைவாசலிலோ செம்பனைக் காட்டோரத்திலோ சீருடைப் பிள்ளை ஒன்றைக் கண்டால், யார் வீட்டுப் பிள்ளையோ என்று கடந்து போகாதீர்கள். ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்கும் ஒரு சொல் அனுப்புங்கள். பள்ளி அலுவலகம் காலை ஏழு மணிக்கே திறந்திருக்கும்.