பாக்கெட்ல என்ன இருக்கு பாஸ்?

மேல படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. போனை ஓரமா வைங்க. பையையும் தள்ளி வைங்க. இப்போ உங்ககிட்ட மிச்சம் என்ன இருக்கு? பசங்கன்னா ஒரு பர்ஸ், பைக் சாவி, என்னைக்கோ பார்த்த படத்தோட கசங்கின டிக்கெட். பொண்ணுங்கன்னா கழுத்துல தொங்குற ஐ.டி. கார்டு. அவ்ளோதான்! நம்ம சுடிதாருக்குத்தான் பாக்கெட்டே கிடையாதே!

2024 தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புற வரைக்கும் எனக்கும் இது ஒரு மேட்டராவே தெரியலை.

சென்னையில இருந்து பெரம்பலூர். ராத்திரி பஸ். கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னாடி ஒரு மோட்டல்ல வண்டி நின்னுச்சு. மணி ஒண்ணரை. போன்ல 4 பர்சென்ட்தான் சார்ஜ். அதை சீட்டுப் பக்கத்துல சார்ஜ்ல போட்டுட்டு, பையை சீட்லயே விட்டுட்டு, கையில ஒரே ஒரு பத்து ரூபா காயினோட பாத்ரூமுக்கு ஓடினேன். வாசல்ல காசு வாங்குற அக்கா, "பத்து ரூபா காயின் இங்க எந்தக் கடையிலயும் வாங்க மாட்டாங்களே கண்ணு"ன்னு சலிச்சுக்கிட்டே வாங்கினாங்க. (செல்லும்னு ரிசர்வ் பேங்க் எத்தனை வாட்டி சொன்னாலும் நம்ம ஊர்ல அதோட கதை இதுதான்!)

வெளியே வந்து பார்த்தா, பஸ் நின்ன இடத்துல வெறும் டயர் தடம்.

கை கால் எல்லாம் ஜில்லுன்னு ஆகிடுச்சு. காசு, டிக்கெட், அம்மா நம்பர், அப்பா நம்பர், டார்ச், மேப்... எல்லாமே போன்ல. போன் பஸ்ல. டீக்கடைப் பக்கம் நாலஞ்சு பேர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தர் பார்த்த பார்வை சரியில்லை. அழக்கூடாது, அழுதா தனியா இருக்கான்னு தெரிஞ்சுடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, திரும்ப அந்த அக்காகிட்டயே போய் நின்னேன்.

அவங்க ஒண்ணுமே கேட்கலை. இடுப்புல இருந்து ஒரு சுருக்குப்பையை உருவினாங்க. எங்க பாட்டி வச்சிருந்த அதே மாதிரி! உள்ளே வெத்தலை, சில்லறை, சாவிக்கொத்து, ஒரு பட்டன் போன். "வீட்டு நம்பர் சொல்லு." அப்பா நம்பர் 9443-ல ஆரம்பிக்கும். அதுக்கப்புறம்? சத்தியமா தெரியலைங்க. நாலு செமஸ்டர் மேத்ஸ் ஃபார்முலா மனப்பாடமா இருக்கு, பெத்த அப்பா நம்பர் தெரியலை! "உன் நம்பராவது தெரியுமா கண்ணு?"ன்னாங்க. ஆங்... அது தெரியும்!

என் நம்பருக்கே கூப்பிட்டோம். முதல் தடவை எடுக்கலை. ரெண்டாவது தடவையும். மூணாவது ரிங் முடியப்போற நேரத்துல பக்கத்து சீட் அம்மா தூக்கக் கலக்கத்துல "அலோ..."ன்னாங்க. பாருங்க, தீபாவளி டிராஃபிக்கை எல்லாரும் திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். டோல்கேட் க்யூவுல பஸ் அங்கேயே நகராம நின்னுட்டிருந்துச்சு. மோட்டல் வாட்ச்மேன் தாத்தாவோட டி.வி.எஸ். எக்ஸ்.எல்-ல நானும் அக்காவும் ட்ரிபிள்ஸ் (போலீஸ் சார், மன்னிச்சுக்கோங்க). ஏத்தி விடும்போது அக்கா பையில இருந்து ஒரு நூறு ரூபா நோட்டை எடுத்து என் கையில திணிச்சாங்க. "பொட்டப்புள்ள, வெறுங்கையோட திரியாத."

நான் படிக்கிறது ஈ.இ.இ. முதல் வருஷத்துலயே சொல்லித் தர்ற பாடம்தான் இது. தீபாவளிக்குக் கட்டுற பழைய சீரியல் செட்ல ஒரு பல்பு போனா மொத்த வரிசையும் அணைஞ்சுடும். நாம எல்லாத்தையும் போனுக்குள்ள வச்சு, வாழ்க்கையையே சீரியல் செட்டா மாத்தி வச்சிருக்கோம். 2021-ல சாதாரண டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதும் சில்லறை வச்சுக்கற பழக்கம் போச்சு. மிச்சமிருந்ததை ஜி-பே பார்த்துக்குச்சு.

லீவு முடியறதுக்குள்ள டெய்லர்கிட்ட போனேன். "சுடிதாருக்கு எதுக்கும்மா பாக்கெட்டு? துணி தொங்கும், லுக்கு போயிடும்"னார். அவர் சொன்னதுலயும் பாதி நிஜம். மெல்லிசு காட்டன்ல போனைப் போட்டா ஒரு பக்கமா இழுக்கத்தான் செய்யும். அதனால அந்த பாக்கெட் போனுக்கு இல்லை. வலது பக்கத் தையல்ல, மணிக்கட்டு வரைக்கும் கை உள்ளே போற ஆழம். அதுக்குள்ள பிரஸ் பட்டன் வச்ச ஒரு குட்டி பாக்கெட். ஜீன்ஸ்ல ஒரு குட்டி பாக்கெட் இருக்கே, அந்தக் காலத்துல செயின் வாட்ச் வைக்கத் தச்சது, அதே சைஸ். தாத்தாக்கள் வேட்டிக்குள்ள போட்ட பட்டாபட்டி டிராயர்ல இருந்த பாக்கெட்டுக்கு இதெல்லாம் உறை போடக் காணாது. அது வேற கதை.

அதுல என்ன வைக்கிறதுன்னு ஒரு மாசம் ஆராய்ச்சி பண்ணேன். முதல்ல ஓவரா போயிட்டேன். குட்டி டார்ச், கத்தி வச்ச நெயில் கட்டர், விசில்னு ரொப்பி நடந்தா, மாட்டுக் கழுத்து மணி மாதிரி சத்தம். ரூம்மேட் சிரிச்ச சிரிப்புல ஒவ்வொண்ணா வெளியே போச்சு.

இப்போ மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். ஒரு நூறு, ரெண்டு அம்பது, நாலு காயின். ஐந்நூறா வச்சா ராத்திரி யாரும் மாத்தித் தர மாட்டாங்க. ஒரு துண்டுச்சீட்டு. அதுல அப்பா, அம்மா, ரூம்மேட் நம்பர், என் பிளட் குரூப். ஜெல் பேனாவுல எழுதி, வேர்வையில கரைஞ்சு, அப்பா நம்பர் மறுபடி காணாமப் போனதுக்கு அப்புறம் பால் பாயின்ட்ல எழுதி செலோ டேப் ஒட்டியாச்சு. 112 எழுதலை, அது எல்லாருக்கும் தெரியும்தானே? போலீஸ், ஆம்புலன்ஸ், ஃபயர் மூணுக்கும் அந்த ஒரே நம்பர். அப்புறம் ரெண்டு காய்ச்சல் மாத்திரை. அட்டையில இருந்து கத்தரிக்கும்போது எக்ஸ்பைரி தேதி இருக்கற பக்கத்தை வெட்டிடாதீங்க. எல்லாரும் பண்ற தப்பு அது.

கடைசியா, ஊக்கு. மூணு. 1849-ல வால்டர் ஹன்ட்னு ஒரு அமெரிக்கர் இதுக்கு பேட்டன்ட் வாங்கி, உரிமையை 400 டாலருக்கு வித்துட்டார். பாவம் மனுஷன்! செருப்பு வார் அறுந்தா, சுடிதார் கிழிஞ்சா, பை ஜிப் போனா எல்லாத்துக்கும் அதுதான். எங்க அம்மா தாலிச் சரட்டுல எப்பவும் ரெண்டு ஊக்கு தொங்கும். எதுக்கும்மான்னு சின்ன வயசுல கேட்டேன். "பஸ்ல போறோம்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. கூட்டமான பஸ்ல தினமும் காலேஜ் போற எந்தப் பொண்ணுக்கும் அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

பசங்களா, உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பின் பாக்கெட்ல தலகாணி மாதிரி பர்ஸ் வச்சு அது மேலயே உட்காராதீங்க. முதுகுவலி நிச்சயம். அதுக்குள்ள இருக்கற ஏ.டி.எம். சீட்டை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒரு நம்பர் சீட்டு வைங்க. உங்க அப்பா நம்பரைப் பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்!

அந்த அக்கா பேரைக்கூட நான் கேட்கலை. பொங்கலுக்குப் போனப்போ எங்க பஸ் வேற மோட்டல்ல நின்னுச்சு, அடுத்த வாட்டியும் அதேதான். என் பாக்கெட்ல இருக்கற நூறு ரூபா அவங்க குடுத்தது. இன்னும் செலவு பண்ணலை. இந்த செமஸ்டர் லீவுக்கு அந்த மோட்டல்ல நிக்கிற பஸ் எதுன்னு கேட்டு வச்சிருக்கேன். மணி பதினொண்ணுக்குக் கிளம்புமாம்.