போனை மூடினால் போதுமா?



நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், போனில் காசு வைத்து ரம்மி ஆடினால் தடை. கோவாவில் கப்பலில் உட்கார்ந்து ஆடினால் மட்டும் சுற்றுலாவா?" நியாயமான கேள்விதான். தெரிந்தவரை சொல்கிறேன்.

சூதாட்டம் நம் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருப்பது. அதனால் மாநிலத்துக்கு ஒரு சட்டம். கோவா தன் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்னாளில் திருத்திக் காசினோவை அனுமதித்தது. பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள் அப்படி வந்தவைதான். தமிழ்நாட்டில் காசினோ கிடையாது. லாட்டரியையும் 2003-இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் போனுக்கு எல்லை ஏது? நம் மாநிலம் 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு குழு அறிக்கை தந்தபின், 2023-இல் புதுச் சட்டம் வந்தது. ரம்மி திறமை விளையாட்டு என்று நீதிமன்றம் சொன்னதால், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்கிற மாதிரிக் கட்டுப்பாடுகள்தான் நின்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

இந்தச் சட்டம் ஆன்லைனுக்கு மட்டும். கோவாவில் கப்பல் காசினோ நடத்தும் டெல்டா கார்ப் நிறுவனத்துக்கு அட்டா52 என்ற போக்கர் தளமும் இருந்தது. தளத்தில் பண ஆட்டம் நின்றது. கப்பலில் நிற்கவில்லை. ஒரு கதவு மூடி, ஒரு கதவு திறந்திருக்கிறது.

கோவா நமக்குத் தூரம். நம் தென்காசிக்காரர்களுக்குத் திறந்த கதவு செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலை ஏறினால் ஆரியங்காவில் இருக்கிறது. கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்துகிறது. அங்கே அது சட்டப்படியானது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் மனைவி சென்ற மாதம் வீட்டுக்கு வந்தாள். போன் ரம்மியில் அவளுடைய நகை எல்லாம் அடகுக்குப் போயிருந்தது. "தடை வந்ததும் நிம்மதியா இருந்தேன் டீச்சர். இப்போ லீவு கிடைச்சா பஸ் ஏறி ஆரியங்காவு போயிடுறாங்க. பிள்ளைக்கு பீஸ் கட்ட வச்சிருந்த பணத்தையும் காணோம்" என்று அழுதாள்.

அதற்காகச் சட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். தலையணைக்கு அடியில் இருந்த சூதாட்டம், பஸ் ஏறிப் போகவேண்டிய தூரத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அந்தத் தூரம் பெரிய உதவி. போகிற வழியில் யோசிக்க நேரம் இருக்கிறது, வீட்டாருக்கும் தெரிகிறது. ஆனால் மனதில் இருக்கும் ஆசையைச் சட்டம் எடுத்துவிடாது. "விட்டதைப் பிடிக்கணும்" என்ற எண்ணம் இருக்கிறவரை கால் வேறு கதவைத் தேடும்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள், மொத்தம் 600. நடத்துபவர் பத்து சதவீதம், அதாவது 60 ரூபாய் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். பத்து ஆட்டம் முடிந்தால் அவர் கையில் 600 ரூபாய். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதெல்லாம் ஆறு பேருக்குள் நடக்கும் பேச்சு. நடத்துபவர் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. போனானாலும் கிளப்பானாலும் கணக்கு இதுதான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தடை வந்துவிட்டது என்று அசந்துவிடாதீர்கள். கடன் எவ்வளவு என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். சம்பளப் பணம் கொஞ்ச நாள் வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் டீச்சர் என்றிருக்கிறான். அவனுடன் படித்தவர்கள் யாராவது குற்றாலம் பக்கம் இருந்தால் நீங்களும் வாருங்கள். நண்பன் சொன்னால் இன்னும் கேட்பான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்